அரைகுறை விஞ்ஞானமும் மோட்டார் வண்டியும்

வெயில் காலத்தில் டயர்களில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தல் வேண்டும் என்னும் நம்பிக்கை நம் நாட்டு மோட்டார் ஓட்டுநரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. டில்லியிலும் சரி, நாகபுரியிலும் சரி, வேலூரிலும் சரி, சித்திரை வெயிலில் நெடும் பயணம் புறப்படுமுன் நாலைந்து பவுண்டு காற்றை வெளியேற்றிவிட்டுச் செல்வோர் பலர். காரணம் கேட்டால் தயங்காது கூறுவர்: சூடேறினால் காற்று விரியும், விரிந்தால் டயர் வெடிக்கும். இதனை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட இயலாது. சூடேறிய காற்று விரியும் என்பது பள்ளிக்கூடத்தில் கற்பிக்கப்பட்ட உண்மையே. கற்றதை மறவாது, வாழ்க்கையில் பயன்படுத்தவும் முனைந்திருக்கிறார் ஓட்டுநர். எனினும் முடிவு தலைகீழாகிவிட்டது. விஞ்ஞானத்தில் ஒரு பாதியை மட்டும் அறிந்து, மறு பாதியை அறியாமையால் நேர்ந்த பிழை இது. மோட்டார் வண்டி பற்றிய பொது அறிவு நம்மிடையே எந்நிலையில் உள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கணக்கை முதலில் பார்த்தல் நலம். சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு அழுத்தம் உள்ள ஒரு கார் டயரை எடுத்துக்கொண்டால், அழுத்தமானி காட்டும் அந்த எண்ணுடன் வளிமண்டலத்தின் அழுத்தமாகிய 14.7 பவுண்டையும் கூட்டியே கணக்கிடல் வேண்டும். சென்டிகிரேட் அளவில் 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு டயர் சூடேறுமாயின், வாயு விதிப்படி மொத்த அழுத்தம் 47.7 பவுண்டிலிருந்து 52.4 பவுண்டாகும். மானியில் 33 என்றிருந்தது ஏறத்தாழ 38 என்று காட்டும். ஐந்து பவுண்டுக்கும் குறைந்த இவ்வுயர்வு டயருக்கு ஒரு பொருட்டன்று. நல்ல நிலையிலுள்ள டயர் இதனினும் மிகுந்த அழுத்தத்தைத் தாங்குமாறே அமைக்கப்படுகிறது. வண்டியைத் தயாரிப்போர் குறிப்பிடும் அளவும், ஓடும்போது அழுத்தம் இவ்வாறு உயரும் என்பதை எதிர்நோக்கிக் கூறப்படும் அளவேயாகும்.

ஆயின், டயர் வெடிப்பது எதனால்? காற்றுக் குறைந்த டயர், வண்டியின் பாரத்தால் தரையை ஒட்டிய இடத்தில் மிகுதியாகச் சப்பிக்கொள்கிறது. சக்கரம் ஒரு முறை சுழலும்போது டயரின் பக்கச்சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணக் காரின் சக்கரம் நிமிடத்துக்கு 800 முறைக்கு மேல் சுழலும். அத்தனை முறையும் ரப்பர் மடங்கி நிமிர வேண்டும். இரும்புக் கம்பி ஒன்றை ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறை விரைவாக வளைத்து நிமிர்த்தி, வளைந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்த மாணவன், டயருக்குள் நிகழ்வது யாது என்பதை உடனே உணர்வான். கம்பி சூடேறும், மேலும் வளைத்தால் முறியும். டயரிலும் அவ்வாறே. உள்ளிருக்கும் காற்றின் விரிவைவிட, மடங்கி நிமிரும் ரப்பரில் பிறக்கும் வெப்பமே ரப்பரையும் உள்ளிருக்கும் நூலடுக்குகளையும் எஃகுக் கம்பிகளையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியச் செய்கிறது. வெயிலுக்கு அஞ்சிக் காற்றைக் குறைத்தவர், தாம் அஞ்சிய வெடிப்பைத் தாமே அழைத்து வருகிறார்.

உத்தரப் பிரதேசத்தில் கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கிலோமீட்டர் நீள யமுனை விரைவுச் சாலை 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கோடையில் டயர் வெடித்து நேர்ந்த விபத்துக்களால் அச்சாலையின் பெயர் பலமுறை செய்தித்தாள்களில் இடம்பெற்றது. கான்கிரீட் தளத்தின் மீது பழி சுமத்தியோர் உண்டு. தேய்ந்த டயரும், குறைந்த காற்றும், மிகுந்த பாரமும், நகரத் தெருக்களில் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடியறியாத வண்டியைத் திடீரென்று 120 கிலோமீட்டருக்கு விரட்டும் ஆவலும் ஒன்றுகூடியதைப் பேசியோர் குறைவு. இவற்றுக்கு மாற்றாக நைட்ரஜன் வாயுவை நிரப்பிக்கொண்டால் போதும் என்னும் எண்ணமும் பரவியுள்ளது. சாதாரணக் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே என்பதைப் பள்ளி மாணவனும் அறிவான். நைட்ரஜனும் அதே வாயு விதிக்குக் கட்டுப்பட்டே விரிகிறது. அது ஈரமற்றது, சற்று மெதுவாகக் கசியும் என்பன மெய்யே. ஆயினும் மாதம் ஒருமுறை அழுத்தத்தைச் சோதிப்பவருக்கு இலவசக் காற்றே போதுமானது. சோதிக்காதவருக்கு எந்த வாயுவாலும் பயனில்லை.

சோதிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. டயர் குளிர்ந்திருக்கும் வேளையில், அதாவது வண்டி சில மணி நேரமேனும் நின்ற பின்னர் அளப்பதே முறை. நூறு கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய வண்டியைப் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினால் மானி 38 என்று காட்டும். குறித்த அளவு 33 என்பதால் காற்றடிக்கும் பையன் ஐந்து பவுண்டை வெளியேற்றிவிடுவான். மறுநாள் காலையில் டயர் குளிர்ந்ததும் அதில் 29 பவுண்டுகூட எஞ்சியிராது. நாள்தோறும் சோதித்தும் காற்றுக் குறைவாகவே ஓடும் வண்டிகளின் மர்மம் இதுதான். டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள அழுத்த எண்ணைப் பார்த்து அந்த அளவுக்கு நிரப்புவோரும் உளர். அது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு; வண்டிக்கு உரிய அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சீட்டிலோ, கையேட்டிலோ இருக்கும். அதே பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் கொண்ட குறியும் உண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள். ஸ்டெப்னி டயரில் இக்குறியைத் தேடிப் பார்ப்போர் சில வேளை வியப்படைய நேரும். ஓடித் தேயாத அந்த டயர் கிடந்தே கெட்டிருக்கும். (வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் 1904ஆம் ஆண்டில் தோன்றிய மாற்றுச் சக்கரத்தின் பெயர், பிறந்த நாட்டில் மறைந்து இந்தியாவில் இன்றும் வழங்குகிறது. பெயரைக் காத்த அளவுக்குப் பொருளைக் காத்தோமில்லை.)

இவையெல்லாம் ஓட்டுநருக்கு எதற்கு, பட்டறையில் பார்த்துக்கொள்வார்களே என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமற்றதன்று. 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்ற வண்டிகளின் காலத்தில், சொந்தக்காரருக்கும் ஓட்டுநருக்கும் யந்திர அறிவு மிகுந்திருந்தது. அது அவர்களுடைய பெருமையால் விளைந்தது என்று கொள்வதற்கில்லை. வழியில் நின்றுவிடும் வண்டி அவர்களைக் கற்கச் செய்தது. லாரித் தொழிலில் கிளீனராகச் சேர்ந்த சிறுவன் வண்டியைக் கழுவி, சக்கரத்தை இரும்புக் கம்பியால் தட்டி ஒலியைக் கேட்டு, ஆண்டுகள் பல கழிந்த பின்னரே ஓட்டும் இருக்கைக்கு ஏறினான். இக்காலத்து வண்டி அரிதாகவே நிற்கிறது. அதனால் கற்பிப்பதும் இல்லை. 2020ஆம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, டயர் அழுத்தத்தைத் தானே கண்காணிக்கும் அமைப்பும் பழுது நீக்கும் பொருள்களும் உள்ள கார்கள் ஸ்டெப்னி இன்றியே விற்கப்படலாம். வசதி பெரிது. எனினும் கருவி எச்சரிக்கும். எச்சரிக்கையின் பொருளைக் கருவி விளக்காது.

சட்டமும் இவ்வறிவை வற்புறுத்துவதாகக் கூறுவதற்கில்லை. 1989ஆம் ஆண்டு விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கான முதற்சோதனை நான்கு பொருள்களைப் பற்றியது: சாலைக் குறிகளும் விதிகளும், விபத்து நேரின் ஓட்டுநர் கடமை, ஆளில்லா ரெயில்வே கடவையில் மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை, உடன் வைத்திருக்க வேண்டிய பத்திரங்கள். நான்கும் இன்றியமையாதவை. வண்டியைப் பற்றிய கேள்வி அவற்றுள் இல்லை. ஓட்டும் பயிற்சிப் பள்ளிகளுக்கு அதே விதிகள் வகுத்துள்ள பாடத்திட்டத்தில் வண்டியின் அமைப்பும் பழுதும் ஒரு பகுதியாக உண்டு. ஏட்டில் உள்ள அப்பகுதி, பயிற்சி பெறுவோரின் அனுபவத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சோதனையில் கேட்கப்படாததை யார் கற்பர்?

ரேடியேட்டரின் கதை டயரின் கதையை ஒத்தது. ஆனால் இங்கே ஓட்டுநர் கையில் சரியான அறிவு முன்னரே உள்ளது. நம் வீடுகளில் பிரஷர் குக்கரைப் பயன்படுத்துவோர் எவரும் ஆவி அடங்குமுன் அதன் மூடியைத் திறக்கத் துணியார். ரேடியேட்டரின் மூடியும் அத்தகைய அழுத்த மூடியே. ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தை அது கூடுதலாகத் தாங்கி நிற்பதால், உள்ளிருக்கும் நீர் 100 பாகையில் கொதியாது 120 பாகைவரை நீராகவே நிற்கிறது. மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் வீழ்கிறது. 110 பாகையிலுள்ள நீர் அக்கணமே கொதித்து ஆவியும் வெந்நீருமாகப் பீறிடுகிறது. முகமும் கையும் வெந்து மருத்துவமனை சேர்ந்தோர் அனைவரும் குக்கரை அறிந்தவர்களே. அடுப்படியில் உள்ள அறிவு வண்டியின் முன்பக்கத்துக்கு வந்து சேரவில்லை. இரண்டும் ஒன்றே என்று ஒருவர் ஒருமுறை கூறியிருந்தால் போதுமானது.

லடாக், இமாசலம் போன்ற உயர்ந்த பிரதேசங்களில் அளவைப் பணியும் ஆய்வுப் பணியும் புரியும் கள ஊழியர் இதனைச் சிறப்பாக மனத்திற் கொள்ளுதல் தகும். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் திறந்த பாத்திரத்து நீர் 88 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்த மூடி பழுதுபட்ட வண்டி அங்கே ஏற்றத்தில் விரைவாகக் கொதிநிலையை எட்டும். நம் சமவெளியில் பனி உறைவதில்லையாதலால் கூலண்ட் வேண்டியதில்லை என்னும் வாதமும் அரைகுறை விஞ்ஞானமே. உறைதலைத் தடுப்பது அதன் ஒரு தொழில். கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும், உள்ளிருக்கும் அலுமினிய உறுப்புகளை அரிப்பினின்று காப்பதும் வெயில் நாட்டுக்கே மிக வேண்டிய தொழில்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் வெள்ளை உப்பு எஞ்சினின் நீர்வழிகளிலும் படியும். வழியில் வேறு கதியில்லாதபோது எந்த நீராயினும் ஊற்றலாம்; ஊர் திரும்பியபின் அதனை மாற்றிவிட வேண்டும். இன்னொன்று: நீர் முழுவதும் கசிந்துவிட்டால் வெப்பத்தை உணரும் கருவி நீரில் மூழ்காது நிற்கும், அப்போது முள் இறங்கிக் காட்டவும் கூடும். முள் இறங்கியதென்று மகிழ்ந்து அடுத்த ஊர்வரை ஓட்டியவர் சிலிண்டர் தலைப்பையே இழக்கிறார்.

எண்ணெய் விளக்கைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பாக ஒளிரும் விளக்கு எண்ணெயின் அழுத்தம் இல்லை என்பதைக் குறிக்கிறது. அது எரியும்போது பெட்ரோல் நிலையத்தைத் தேடி ஓட்டலாகாது. பாதுகாப்பான ஓரத்தில் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். பொதுவாக, சிவப்பு எனில் நில். மஞ்சள் எனில் விரைவில் பட்டறைக்குச் செல். சாலைச் சந்திப்பில் எல்லோரும் அறிந்த நிறங்களே.

மலையிறக்கமே உயிருடன் நேராகத் தொடர்புடையது. எரிபொருளை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் கியரை நியூட்ரலில் வைத்துச் சரிவில் உருளவிடும் பழக்கம் மும்பை–புனே சாலையின் கண்டாலா மலைச்சரிவிலும், உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் இறங்கும் கல்லட்டிப் பாதையிலும், வட நாட்டு மலைச் சாலைகளிலும் ஒரே வகையாகக் காணப்படுகிறது. 1,500 கிலோ நிறையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 பாகையிலுள்ள 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கியரில் இறங்கினால் இதில் பெரும் பங்கை எஞ்சின் ஏற்றுக் காற்றில் கலந்துவிடும். நியூட்ரலில் இறங்கினால் காற்றின் தடைக்கும் சக்கரங்களின் உராய்வுக்கும் போக எஞ்சியதனைத்தையும் நான்கு பிரேக்குகளே விழுங்க வேண்டும். பிரேக் திரவமோ காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகைவரை கொதியாது நிற்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த எல்லை 140 பாகையே. திரவம் கொதித்தால் குழாய்களில் ஆவிக் குமிழிகள் நிறையும். ஆவி அமுங்கும் பொருளாதலால் மிதிபலகை தரைவரை சென்றும் வண்டி நிற்காது. “பிரேக் பிடிக்கவில்லை” என்று ஓட்டுநர் கூறுவது பொய்யன்று. ஆறிய பின்னர் சோதிக்கும்போது பிரேக் நன்றாகவே பிடிப்பதும் உண்டு. அதனால் அவர் கூற்றை நம்புவார் இல்லை.

இவ்வளவு ஆபத்தையும் ஏற்றுக்கொண்டு மிச்சப்படுத்திய எரிபொருள் எவ்வளவு? கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தில் சிறிது இருந்திருக்கலாம். இப்போது விற்கும் வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சரிவில் இறங்கும்போது எரிபொருள் செலுத்தும் அமைப்பு அதனை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் இறங்கினாலோ எஞ்சின் அணையாதிருப்பதற்கென எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவோரும் உளர்; பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட அமைப்பு இரண்டு மூன்று மிதிகளுக்குள் ஓய்ந்துவிடும் என்பதை அவர்கள் அறியார். ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய லாரி ஓட்டுநர்களின் வாய்ப்பாடு. விஞ்ஞானம் அதற்குக் காரணம் கூறியதேயன்றி மாற்றம் எதுவும் கூறவில்லை.

மழை வெள்ளத்தைப் பொறுத்தவரை மக்கள் அனுபவத்தால் கற்று வருகின்றனர். 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுருஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, வெள்ளத்தில் நின்ற கார்களுக்குள்ளேயே சிக்கி உயிரிழந்தோர் இருந்தனர். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழை வரும் என்ற அறிவிப்பைக் கேட்ட சென்னை வேளச்சேரி மக்கள், கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவைத்தனர். பார்த்தோர் சிலர் நகைத்தனர். நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. நீர் அமுங்காப் பொருள் என்பதை அறிந்தவர் செய்யும் செயல் அது. சிலிண்டருக்குள் நீர் புகுந்த எஞ்சினை மீண்டும் கிளப்ப முயன்றால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும் அல்லது முறியும். நீரில் நின்றுபோன வண்டியின் சாவியைத் திருப்பாமல் தள்ளிச் செல்வதே தக்கது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசாங்கத்தின் கணக்கு. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் மிகுவேகம் காரணமாக மாண்டனர் என்றும் அதே கணக்குக் கூறுகிறது. அவ்வாறிருக்க, டயரையும் திரவத்தையும் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று கேட்கலாம். மிகுவேகம் என்று பதிவாகும் விபத்தில் தேய்ந்த டயருக்கும் கொதித்த பிரேக்குக்கும் உள்ள பங்கைப் பதிவேடு எளிதில் காட்டாது. கருகிய வண்டியில் டயர் அழுத்தத்தை யார் அளப்பர்? மேலும், வேகத்தைக் குறைக்க மனம் மாற வேண்டும். அது நெடுநாட் பணி. டயரைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும்.

பொறுப்பு ஓட்டுநர் ஒருவருடையது என்று விட்டுவிடுவது நம் நாட்டுப் பழக்கம். பின்னிருக்கையில் அமர்வோர் சொந்தக்காரராயினும் அதிகாரியாயினும், வண்டியைப் பற்றி அறிதல் தமக்குரியதன்று என்று கருதுகின்றனர். கையேடோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு, உறை பிரியாமல் முன்பெட்டியில் கிடக்கிறது. சக்கரத்தைப் பிடிக்கும் கைக்குரியவரின் மொழியில் அது இல்லை. மொழி வேண்டாத சின்னங்களாக விளக்குகளை அமைக்கச் சர்வதேசத் தரமே உண்டு. அச்சின்னங்களின் பொருளையேனும் ஒரு தாளில் அந்தந்த மொழியில் அச்சிட்டு ஒவ்வொரு வண்டியோடும் தருதல் தயாரிப்போருக்குப் பெருஞ்செலவாகாது. உரிமச் சோதனையில் மனுதாரர் கையில் அழுத்தமானி ஒன்றைக் கொடுத்து, ஒரு டயரை அளந்து காட்டச் சொல்வதும் கடினமன்று.

ஆசிரியர்களுக்கு இதில் வாய்ப்பு மிகுதி. வாயு விதியைக் கற்பிக்கும் நாளில், பள்ளி முற்றத்தில் நிற்கும் ஏதேனும் ஒரு வண்டியின் டயரைக் காலையிலும் ஓடி வந்த பின்னரும் மாணவர்களைக் கொண்டு அளக்கச் செய்யலாம். கிடைத்த எண்களை விதியோடு ஒப்பிடச் செய்யலாம். காற்று விரியும் என்ற பாதி உண்மையோடு அவர்கள் வீடு திரும்பாதிருக்க இது ஒன்றே போதும். கள ஊழியரைப் பொறுத்தவரை, அலுவலக வண்டியின் லாக் புத்தகத்தில் வழக்கமாகத் தூரத்துக்கும் எரிபொருளுக்கும் கையெழுத்துக்கும் பத்திகள் உள்ளன. வாரம் ஒருமுறை டயரின் குளிர்ந்த அழுத்தம், எண்ணெய் மட்டம், கூலண்ட் மட்டம், பிரேக் திரவ மட்டம் ஆகியவற்றைக் குறிக்க இன்னொரு பத்தி கோடிட்டுக்கொள்ளலாம். இரு கையெழுத்துக்கள் அதில் வேண்டும்: அளந்த ஓட்டுநருடையது ஒன்று, அருகில் நின்று பார்த்த அதிகாரியுடையது மற்றொன்று. அடுத்த சுற்றுப்பயணத்துக்கு முன்னரே இதனைத் தொடங்கிவிடலாம். மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.